நாலு சக்கரமும் தரையில நின்னதுக்கு அப்புறம்

என் தங்கச்சி புருஷனுக்கு எங்க வீட்டுல வச்ச பேரு அவசரக்குடுக்கை. சுருக்கமா குடுக்கை. வச்சது நான்தான். முகத்துக்கு நேரா மாப்பிள்ளைன்னு மரியாதையா கூப்பிடுவேன், முதுகைத் திருப்பினா குடுக்கைதான். கல்யாணத்தன்னைக்கு போட்டோக்காரர் "கொஞ்சம் அப்படியே நில்லுங்க"ன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள மேடையை விட்டு இறங்கின ஆளு. எங்க குடும்பப் படத்துல தங்கச்சி பக்கத்துல ஒரு முழங்கை மட்டும் தெரியும்.

தொழில் பெயின்ட் அடிக்கிறது. சின்ன வயசுல சுண்ணாம்பு வாளி தூக்க ஆரம்பிச்சவரு. "சீக்கிரம், சீக்கிரம்"னு மேஸ்திரி போட்ட கூப்பாட்டுலயே வளர்ந்த உடம்பு, வேற எப்படி இருக்கும்? முதல் கோட்டு காயறதுக்குள்ள ரெண்டாவது கோட்டைப் பூசுவாரு. தான் பூசின ஈரச் சுவத்துல தானே சாஞ்சுக்குவாரு. உருப்படியா ஒரு சட்டை கிடையாது. டீயை ஆறவிடாம குடிச்சு நாக்கைச் சுட்டுக்கிட்டு டீயைத் திட்டுவாரு. காரும் அப்படி வாங்கினதுதான். அரதப் பழசு, பானெட்டைக்கூடத் திறந்து பாக்கல. ஏன் மாப்பிள்ளைன்னா, "கலர் நல்லா இருந்துச்சு அண்ணி"ன்னாரு.

கெட்ட மனுஷன் இல்ல, அதையும் சொல்லிடணும். தங்கச்சிக்கு முதுகுத்தண்டுல ஆபரேஷன்னு டாக்டர் சொன்னதும் தலைகால் புரியாம அலைஞ்சாரு. ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காரவே மாட்டேன்னுட்டாரு. நடந்து நடந்து செருப்புத் தேஞ்சதுதான் மிச்சம்.

ஆபரேஷனுக்கு முன்னாடி ஸ்கேன் எடுத்துட்டு அவளை இந்தக் கார்லதான் கூட்டிட்டு வந்தாரு. முன்பக்கம் ஒவ்வொரு குழியிலயும் டொக்கு, டொக்குன்னு தட்டும். ஒவ்வொரு தட்டுக்கும் "அம்மா"ன்னு கத்தினா. வேகத்தையாவது குறைச்சாரா? சீக்கிரம் போனா சீக்கிரம் முடிஞ்சிடும்னு ஓட்டினாராம். எனக்கு வந்த ஆத்திரத்துல நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேட்டுட்டேன்.

ஆபரேஷன் முடிஞ்சு, வீட்டுக்கு அனுப்பப் போற சமயத்துல படுக்கையில கிடந்தபடியே தங்கச்சி அவர்கிட்ட சொன்னா. "மாசக்கணக்கா என்னைத் தூக்கி உக்கார வைக்கணும், குளிப்பாட்டணும். டீ ஆறுற வரைக்கும் நிக்க மாட்டீங்க, என்னை எப்படிப் பாத்துப்பீங்க? நான் அக்கா வீட்டுக்கே போறேன்."

எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம்தான், ஏன் பொய் சொல்லணும்? ஏற்கனவே எங்க வீட்டு முன்னறையில புது மெத்தை போட்டாச்சு.

குடுக்கை முகத்துல ஈ ஆடல. அப்புறம் கேட்டாரு, "வண்டி தட்டாம கொண்டு வந்தா?"

"தட்டாம வந்தா பாக்கலாம்"னு சொன்னா. எங்க ரெண்டு வீட்டுக்கும் வழி பிரியறது தண்ணித்தொட்டி முக்கு. நேராப் போனா அவங்க வீடு, இடது பக்கம் திரும்பினா என் வீடு. "அந்த முக்குல சொல்றேன்"னா.

வாடகைக் கார் பிடிச்சாப் போச்சுன்னு நான் சொன்னது அவரு காதுல ஏறவே இல்ல. அன்னைக்கே என்னையும் இழுத்துக்கிட்டு உதிரி பாகக் கடைக்கு ஓடினாரு. கடைக்காரர் அழுத்தம் திருத்தமா, ஒவ்வொரு வார்த்தையாப் பேசுற மனுஷன். சக்கரத்தைத் தாங்குற இரும்புக் கை வண்டி உடம்போட சேர்ற இடத்துல ரப்பர் புஷ் இருக்குமாம், அது செத்துப் போச்சுன்னா இரும்பும் இரும்பும் இடிச்சுத் தட்டுமாம். நாலு புஷ்ஷை எடுத்துப் பொட்டலம் கட்டினாரு. "மாத்துறது பெரிய வித்தை இல்ல தம்பி, ஆனா ஒண்ணு..."ன்னு அவரு இழுக்கும்போதே பொட்டலமும் ஆளும் தெருவுல. மிச்சத்தை நின்னு கேட்டது நான்தான். "வண்டி தரையில நின்னதுக்கு அப்புறம்தான் போல்ட்டைக் கடைசியா இறுக்கணும்னு சொல்லுங்கம்மா. சக்கரத்தைத் தொங்கவிட்டு இறுக்கினா ரப்பர் திருகிக்கிட்டே கிடக்கும்." எனக்கு ஒரு எழவும் புரியல. தலையாட்டிட்டு வந்துட்டேன்.

மறுநாள் சாயங்காலம் அவளை அழைச்சிட்டு வரணும். விடிஞ்சதும் குடுக்கை வேலையை ஆரம்பிச்சாச்சு. தங்கச்சியோட துணிமணியை என் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம்னு நான் பையோட போனேன். வீட்டுக்குப் பக்கத்துல சிமென்ட் தரையில ஜாக்கி வச்சுத் தூக்கி, ஸ்டாண்டு முட்டுக் கொடுத்து, முன்சக்கரம் ரெண்டையும் கழட்டிப் போட்டிருந்தாரு. இரும்புக் கை ரெண்டும் வெளிய கிடந்துச்சு. பழைய புஷ்ஷைப் பாத்தேன். தேஞ்ச செருப்பு மாதிரி வெடிச்சு, நடு ஓட்டை ஒரு பக்கமா ஒதுங்கிப் போயிருந்துச்சு. என் தங்கச்சி முதுகு இது மேலயா வந்துச்சுன்னு எனக்கு வயிறு எரிஞ்சுது.

நீளமான போல்ட்டு, பெரிய வாஷர், ஒரு துண்டு இரும்புக் குழாய். இதை வச்சே பழசைப் பிதுக்கி வெளிய தள்ளினாரு. ஒண்ணு வர மாட்டேன்னு அடம்பிடிச்சுது. சுத்தியல்ல ஓங்கி அடிச்சு விரலை நசுக்கிக்கிட்டு, விரலைத் திட்டிட்டு, ரம்பத்தால அதோட இரும்பு வளையத்தை அறுத்து எடுத்தாரு. புதுசை ராத்திரியே ஐஸ் பெட்டியில வச்சிருந்தாராம், சில்லுன்னு இருந்தா சுருங்கிச் சுலபமா ஏறுமாம். அதுக்கு மட்டும் பொறுமை எங்கிருந்து வந்துச்சோ தெரியல. நான் உள்ள புடவையை மடிச்சு வைக்கிறேன், வெளிய அவரு போல்ட்டை முறுக்கி முறுக்கி முனகுறாரு. ரெண்டு பேருக்கும் இருப்புக் கொள்ளல.

மத்தியானம் தாண்டி, "முடிஞ்சுது அண்ணி!"ன்னு ஒரு கத்தல். வெளிய வந்து பாத்தேன். எல்லாத்தையும் மாட்டி, இறுக்கி, வண்டியைக் கீழ இறக்கியிருந்தாரு. முன்பக்கம் மட்டும் மூக்கைத் தூக்கிக்கிட்டு நின்னுது. அப்பதான் கடைக்காரர் சொன்னது எனக்கு உறைச்சுது. இந்த மனுஷன் தொங்கவிட்டே இறுக்கிட்டாரு.

வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். வண்டி விறைச்சுக்கிட்டு வரும், அவ முகம் சுளிப்பா, இடது பக்கம் திரும்புன்னுவா, புது மெத்தை காத்துக்கிட்டிருக்கு. கையில பை வேற. சத்தியமா அப்படித்தான் நினைச்சேன். ஆனா குலுங்கப் போறது அவ முதுகு. அதுவும் புதுசாத் தையல் போட்ட முதுகு.

"மாப்பிள்ளை, எல்லாத்தையும் திரும்பத் தளர்த்துங்க"ன்னேன். கடைக்காரர் சொன்னதைச் சொன்னேன்.

"இதை நேத்தே சொல்றதுக்கென்ன?"ன்னு பாய்ஞ்சாரு.

"கேக்குறதுக்கு நீங்க நின்னாத்தானே!" நானும் விடல.

ஸ்பேனரைத் தூக்கி எறிஞ்சாரு. அந்தப் பக்கம் நாலு நடை, இந்தப் பக்கம் நாலு நடை. அப்புறம் குனிஞ்சு அதையே எடுத்துக்கிட்டாரு. கீழ நுழைய இடம் வேணும்னு, சாரம் கட்டுற தடிப் பலகையை இழுத்துட்டு வந்து, ஜாக்கியால தூக்கி முன்சக்கரம் ரெண்டுக்கும் அடியில கொடுத்தாரு, பின்சக்கரத்துக்குக் கல்லை வச்சாரு. கீழ நுழைஞ்சு ஒவ்வொரு போல்ட்டா தளர்த்தினாரு. கடைசி போல்ட்டுக்கு 'மொடக்'னு ஒரு சத்தம், தூக்கிக்கிட்டிருந்த மூக்கு தன்னால இறங்கிச்சு. வெளிய வந்து, "குலுக்குங்க அண்ணி"ன்னாரு. ரெண்டு பேரும் பானெட்டு மேல கையை வச்சு அழுத்தி அழுத்தி விட்டோம். பையை எங்க வச்சேன்னே எனக்கு ஞாபகம் இல்ல.

அவரு மறுபடி கீழ போனப்போ போன் அடிச்சுது. தங்கச்சிதான். டிஸ்சார்ஜ் சீட்டெல்லாம் கொடுத்தாச்சு, எங்க இருக்கீங்கன்னு கேட்டா. போனை அவரு காதுகிட்ட நீட்டினேன். வண்டிக்கு அடியில மல்லாந்து கிடந்தபடியே சொன்னாரு, "கொஞ்சம் இரும்மா. இன்னும் ரெண்டு போல்ட்டு இருக்கு. அவசரப்பட்டா சரியா வராது."

"யாரு பேசுறது?"ன்னு கேட்டா. எனக்கே மயக்கம் வராத குறை.

வரும்போது அவ முன்சீட்டுல சாஞ்சிருந்தா, நான் பின்னாடி. கதவுக்கு மேல இருந்த பிடியை இறுக்கிப் பிடிச்சிருந்தா, விரலெல்லாம் வெளுத்துப் போச்சு. ஆஸ்பத்திரி வாசல்லயே வேகத்தடை. போன தடவை அவ அலறின இடம். வண்டி மெல்ல ஏறி மெல்ல இறங்கிச்சு. சத்தமே இல்ல. அடுத்த குழியிலயும் இல்ல. நடந்து போறவங்க எங்களைத் தாண்டிப் போனாங்க, அந்த வேகத்துல ஓட்டினாரு மனுஷன். எங்கன்னு தெரியல, பிடியிலிருந்து அவ கை தன்னால இறங்கி மடிக்கு வந்திருந்துச்சு.

தண்ணித்தொட்டி முக்கு வந்துச்சு. குடுக்கை வண்டியை நிறுத்திட்டாரு. நேரா போகவும் இல்ல, திருப்பவும் இல்ல. பின்னாடி வந்தவன் ஹாரனை அமுக்கி அமுக்கிக் கத்தினான். ஸ்டியரிங்ல ரெண்டு கையையும் வச்சு, நசுங்கின விரலோட, இவரு அசையவே இல்ல. அவ முகத்தைக்கூடப் பாக்கல. காத்துக்கிட்டிருந்தாரு.

அவ அந்த விரலையே பாத்துக்கிட்டிருந்தா. அப்புறம் சொன்னா, "எதுக்கு நிக்குறீங்க? நம்ம வீட்டுக்கு வழி தெரியாதா?"

வண்டி நேரா போச்சு. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைச்சுக்கிட்டேன், கண்ணாடியில அவரும் அதைத்தான் பண்ணிக்கிட்டிருந்தாரு. புது மெத்தையில அன்னைக்கு நானே படுத்தேன்.