சாமியை யார் பிடிப்பது?

எங்கள் காலத்தில் உயர்நிலைப் பள்ளி விளையாட்டு என்றால் மூன்றே வகைதான். பந்து வாங்க வசதியுள்ள பள்ளி கால்பந்து ஆடும். மட்டை வாங்க வசதியுள்ள பள்ளி பூப்பந்து ஆடும். எதுவும் வாங்க வசதியில்லாத பள்ளி சடுகுடு ஆடும். திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் வெங்காயக் காடுகளுக்கு நடுவே இருந்த எங்கள் பள்ளி மூன்றாவது வகை. கோடு போடச் சுண்ணாம்பு மட்டும் வேண்டும். அதையும் தலைமையாசிரியர் வீட்டுக்கு வெள்ளையடித்து மிஞ்சியதிலிருந்துதான் எடுத்தோம்.

ஐம்பதுகளின் கடைசி அது. அணியில் நான் இடது ஓரம் நின்று பிடிப்பவன். கேப்டன்தான் பாடிப் போவதில் சூரன். அவனுக்கு அது பதினோராம் வகுப்பு, பள்ளியில் கடைசி வருடம். ஜில்லா அணியில் இடம் கிடைத்துவிட்டால் மதுரையில் ஒரு காலேஜில் சேர்த்துவிடுவதாக டிரில் மாஸ்டர் வாக்குக் கொடுத்திருந்தார். கிடைக்காவிட்டால் இருக்கவே இருக்கிறது அப்பாவின் பூத்தோட்டம். விடியுமுன் எழுந்து மல்லிகை பறிப்பதை அவன் அடியோடு வெறுத்தான். பூ வாசனை வந்தாலே மூக்கைப் பொத்திக்கொள்வான்.

இந்த நேரம் பார்த்து அவன் அம்மா ஒரு காரியம் செய்தார். அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது நேர்ந்துகொண்டது என்று, தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்க அவனுக்கு மாலை போட்டுவிட்டார். ஆள் எடுக்கும் போட்டிக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை.

மாலை போட்டவன் சாமி. அவனை யாரும் பேர் சொல்லக் கூடாது, திட்டக் கூடாது, கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். டிரில் மாஸ்டர் பாடுதான் திண்டாட்டம். பிரம்பும் கெட்ட வார்த்தையும் இல்லாமல் அவருக்குப் பயிற்சி கொடுக்கத் தெரியாது. "சாமி, இன்னும் ரெண்டு சுத்து ஓடுங்க சாமி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார். அந்தக் கோபத்துக்கும் சேர்த்து எங்களுக்கு அடி விழும்.

போட்டி திண்டுக்கல்லில், மலைக்கோட்டைக்குக் கீழே இருந்த மைதானத்தில் நடந்தது. ஜில்லா அணிக்கு ஆள் பொறுக்க மதுரையிலிருந்து ஒருவர் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரணி ஒட்டன்சத்திரம் பக்கம். அவர்கள் ஊரில் நின்று பார்த்தால் பழனி மலை தெரியும்.

கேப்டன் "சடுகுடு சடுகுடு" என்று பாடிக்கொண்டு உள்ளே போனான். பனியனுக்குள்ளிருந்து மாலை வெளியே விழுந்து ஆடியது. அவ்வளவுதான், ஏழு பேரும் பின்வாங்கினார்கள். அவன் துரத்தித் துரத்தித் தொட்டான். தொடப்பட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு வெளியே போனார்கள். ஒருவன் மட்டும் தயங்கிக் கேட்டான்: "ஏனுங்க சாமி, உங்க காலைப் பிடிச்சு இழுத்தா எங்களுக்குப் பாவமுங்களே?"

புள்ளிகள் குவிந்தன. நாங்கள் குதியாட்டம் போட்டோம். ஆனால் மதுரைக்காரர் கொட்டாவி விட்டார். "உங்க பையன் கோயில் பிரகாரம் சுத்துற மாதிரி சுத்திட்டு வர்றான். இதுல நான் என்னத்தப் பார்க்குறது?" என்று டிரில் மாஸ்டரிடம் சொன்னது கேப்டன் காதில் விழுந்தது. அவன் முகம் சுண்டிப் போனது.

இடைவேளையில் அவன் நேராக எதிரணியிடம் போனான். எங்களுக்குப் பகீர் என்றது.

"ஏப்பா, நான் சாமின்னா, நான் சொல்றதக் கேப்பீங்களா?"

"கேப்பமுங்க சாமி."

"அப்ப என்னப் பிடிங்க. பிடிக்காம விட்டீங்க, பழனியாண்டவர்கிட்ட உங்க ஏழு பேரு மேலயும் பிராது குடுத்துருவேன்."

அவர்கள் கூடிப் பேசினார்கள். பிறகு வரிசையாக வந்து அவன் கையால் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டார்கள். விசில் ஊதியதும், அடேயப்பா, அவர்களா இவர்கள் என்று ஆகிவிட்டது! முதல் பிடியிலேயே சாமி மண்ணைக் கவ்வினார். சேர்த்து வைத்த புள்ளியெல்லாம் கரைந்தது. நாங்கள் தலையில் கை வைத்துக்கொண்டோம். கேப்டன் மட்டும் முழங்கால் சிராய்ப்போடு சிரித்துக்கொண்டிருந்தான். மதுரைக்காரர் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார்.

கடைசிப் பாட்டு. இரண்டு அணியும் சமம். கேப்டன் உள்ளே போய் ஒருவனைத் தொட்டதும் ஏழு பேரும் அவன் மேல் விழுந்தார்கள். மூச்சு விடாமல் "சடுகுடு" சொல்லிக்கொண்டே நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் ஜெயம். ஊரில் ஆடும்போது எந்தப் பாட்டை வேண்டுமானாலும் பாடலாம். போட்டியில் வேறு சொல் வாயில் வந்தால் அவுட். அவன் ஏழு பேரையும் இழுத்துக்கொண்டு புழுதியில் ஊர்ந்தான். கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும். கழுத்து நரம்பு புடைத்தது.

"சடுகுடு... சடு... முருகா!"

காதில் விழுந்ததுதான் தாமதம், ஏழு பேரும் பிடியை விட்டுவிட்டுக் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி "அரோகரா!" என்றார்கள். கூட்டமும் அரோகரா போட்டது. நானும்தான் போட்டேன். வாயில் விசில் இருந்ததால் நடுவர் மட்டும் போடவில்லை. கேப்டன் கை கோட்டைத் தொட்டது. நடுவர் விசிலை ஊதினார். "முருகான்னா சடுகுடு ஆயிருமா, சாமி? அவுட்."

ஒரு புள்ளியில் தோற்றோம். மதுரைக்காரர் எங்கள் பக்கம் திரும்பாமல் பஸ் ஏறிவிட்டார். கேப்டன் சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். "ஒரு சாண்தான்டா இருந்துச்சு. வாய்ல வந்துருச்சுடா" என்றான். எனக்கும் அழுகை வந்தது. எங்களுக்கு அவன் மேல் கொலைவெறி, ஆனால் மாலை போட்டவனை எப்படித் திட்டுவது? ஊர் போய்ச் சேரும்வரை டிரில் மாஸ்டர் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தார்.

அவன் பழனிக்கு நடந்தான். பூசம் முடிந்து, மொட்டைத் தலையும் கையில் பஞ்சாமிர்த டப்பாவுமாகப் பள்ளிக்கு வந்தான். கழுத்தில் மாலை இல்லை. டிரில் மாஸ்டர் வாசலிலேயே காத்திருந்தார்.

"வாடா வா. இப்ப நீ சாமி இல்லல்ல?"

"இல்ல சார்."

பிரம்பால் காலில் இரண்டு போட்டார். இத்தனை நாள் அடக்கி வைத்த வார்த்தைகளையெல்லாம் ஒன்று விடாமல் கொட்டினார். நாங்கள் சுற்றி நின்று ஆனந்தமாகக் கேட்டோம். கேப்டன் தலை குனிந்து நின்றான். மூச்சு வாங்க நிறுத்திவிட்டு அவர் கேட்டார்:

"மதுரைக்குப் போட்டுட்டுப் போக நல்ல டிரவுசர் இருக்கா?"

அவனுக்குப் புரியவில்லை. எங்களுக்கும்தான்.

"ஏழு பேரை இழுத்துட்டு வந்தவன விட்டுட்டு வேற யார எடுக்கன்னு கேட்டு லெட்டர் போட்டிருக்கார் அந்த மதுரை மனுசன். வர்ற திங்கக்கிழமை போயி ஜில்லா டீம்ல சேந்துக்க."

கேப்டன் வாய் திறந்தது. கண் கலங்கியது.

"முருகா..." என்றான்.

"அத இனிமே கோட்டத் தொட்டதுக்கப்புறம் சொல்லுடா!" என்று மூன்றாவதாக ஒன்று போட்டார். போட்டுவிட்டு, பஞ்சாமிர்தத்துக்குக் கையை நீட்டினார்.