ஏகப்பனின் ஜப்பான் எலும்பு

என் சின்னாத்தா மகன் ஏகப்பனுக்குக் காரைக்குடியில் பழைய வீடுகளைப் பிரித்து விற்கிற தொழில். தூணோ கதவோ, வாங்க வருகிறவரிடம் முதலில் அது பிறந்த ஊரைத்தான் சொல்வான்: பர்மாத் தேக்கு, இத்தாலிக் கல், பெல்ஜியம் கண்ணாடி. நம்மூர் வேம்புகூட அவன் கடைக்குள் நுழைந்தால் பர்மாவில் பிறந்ததாகிவிடும்.

தொண்ணூற்றாறில் பள்ளத்தூரில் ஒரு வீட்டைப் பிரிக்கையில் உத்திரம் சரிந்து அவன் கால்மேல் விழுந்தது. எலும்பு நொறுங்கி, மாதக்கணக்காகியும் கூடவில்லை. மதுரை டாக்டர் அவன் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி, பீங்கான் போன்ற துணுக்குகளோடு கலந்து, எலும்பு விட்டுப்போன இடத்தில் வைத்துத் தைத்தார்.

"துணுக்கு பூரா துளை துளையா இருக்கும். அது வெறும் கட்டடச் சாரம்தான். உங்க மஜ்ஜையில இருக்க மூலச் செல்லுதான் கொத்தனாரு. அது ஏறி உக்காந்து புது எலும்பு கட்டணும். நான் சொல்ற வரைக்கும் காலை ஊனாதீங்க."

ஏகப்பன் ஒன்றுதான் கேட்டான். "சரக்கு எந்த ஊரு?"

"ஜப்பான்."

அது போதும். அன்றிலிருந்து வீட்டுக்கு வந்தவர்களுக்குக் காப்பிக்கு முன்னால் கால்தான் காட்டப்பட்டது.

"டாக்டர் சொல்லாம எந்திரிச்சுராதீக," என்பாள் அவன் பெண்டாட்டி நாகவல்லி.

"பர்மாத் தூணு நட்ட அன்னைக்கே பாரம் தாங்கும். ஜப்பான் தாங்காதா? ஒனக்கென்ன தெரியும்?"

அவன் படுத்துக் கிடந்ததில் வியாபாரமெல்லாம் அதே தொழில் பார்க்கிற சாதிக் அலி பக்கம் போய்க்கொண்டிருந்தது. அப்போது பார்த்துக் கோட்டையூரில் ஒரு பெரிய வீடு பிரிப்புக்கு வந்தது. மாடியேறி மரத்தைப் பார்த்து விலை சொல்ல வேண்டும். இதையும் விட்டால் தொழிலே போச்சு என்று ஏகப்பன் ரெண்டு கைக்கம்பை ஊன்றிக்கொண்டு போய் நின்றான். சாதிக் அலியும் வந்திருந்தார்.

"என்ன ஏகப்பண்ணே, கைக்கம்பு ரெண்டும் பர்மாத் தேக்கா?"

ஏகப்பன் கம்புகளைச் சுவரில் சாத்தினான். "கம்பு உள்ளூரு. காலு ஜப்பான். பாக்குறீகளா?"

பாதிப் படியில் ஜப்பான் முறிந்தது.

வேலை சாதிக் அலிக்குப் போனது. ஏகப்பனை மதுரைக்கு ஏற்றிப்போனதும் அவர் வேன்தான். வழி நெடுக அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தது தனி உதவி.

"கொத்தனாரு இன்னும் பாதிச் சுவருகூட எழுப்பல. சாரத்து மேலயே குடியேறிட்டீங்களா?" என்றார் டாக்டர். மறுபக்க இடுப்பில் மஜ்ஜை எடுத்து, எல்லாம் முதலிலிருந்து. இந்தத் தடவை நாகவல்லி அவனை வாசல் பக்கமே விடவில்லை.

எலும்பு கூடிவிட்டது, கொஞ்சம் குட்டையாக. சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறான். யாராவது கேட்டால், "ஜப்பான் சரக்கு மேல குத்தமில்லப்பா. அதோட கலந்த உள்ளூரு மஜ்ஜைதான் சரியில்ல" என்பான்.

"அந்த உள்ளூரு மஜ்ஜை யாரோடதுன்னும் அவுககிட்டயே கேட்டுட்டுப் போங்க," என்று உள்ளேயிருந்து நாகவல்லியின் குரல் வரும்.