சமையலறைக்கு வந்த தராசு

எங்கள் காலேஜ் சின்னக் காலேஜ். "எங்கள்" என்று நான் சொன்னால் என் பேத்திக்குச் சிரிப்பு வருகிறது. மூன்றாங்கிளாஸோடு நின்றவளுக்குக் காலேஜ் எப்படிச் சொந்தம் என்கிறாள். அங்கே படிக்க வந்த பெண்கள் மூன்று வருஷத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு சேலத்துக்கு பஸ் ஏறிவிடுவார்கள். ஹாஸ்டல் அடுப்பில் சோறு ஆக்கிய நான்தான் தலை நரைக்கும்வரை இருந்தேன். யாருக்குச் சொந்தம், நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் மலையூரின் ஏரியைத் தாண்டி மேட்டில் ஏறினால், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஓடு வேய்ந்த நாலைந்து கட்டிடம். அவ்வளவுதான் காலேஜ். பெண்கள் மட்டும். டாக்டருக்கோ இன்ஜினியருக்கோ அங்கே யாரும் படிக்கவில்லை. ஒருத்தியே கதையும் படிப்பாள், சரித்திரமும் படிப்பாள், பூச்சி புழுவையும் படிப்பாள். கடைசி வருஷம் ஒவ்வொருத்தியும் தானாக எதையாவது ஆராய்ந்து, ஹாலில் எல்லோர் முன்னாலும் நின்று சொல்ல வேண்டும். அதற்கு ப்ராஜெக்ட் என்று பேர். ஒருத்தி மழைத்தண்ணீரை டப்பாவில் பிடித்து அளந்தாள். ஒருத்தி நத்தைகளின் முதுகில் நகப்பாலீஷ் தடவிவிட்டு, அவை எங்கே போகின்றன என்று குடை பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள். யார் யாரைப் பின்தொடர்கிறார்கள் என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. எங்கள் பக்கம் வராதவரை எல்லாம் வேடிக்கைதான்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், மழை முடிந்து பனி தொடங்கிய சமயம், மெட்ராஸ் பெண் ஒருத்தி சமையலறைக்கே வந்துவிட்டாள். கையில் கொக்கி வைத்த தராசு. எஸ்டேட்டில் காப்பிப்பழச் சாக்கை மாட்டி எடை போடுவார்களே, அதே ஜாதி. கண்ணாடி போட்ட ஒல்லிப் பெண். மெதுவாகப் பேசினாள். அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை.

"அக்கா, தினமும் சாப்பாடு முடிஞ்சதும் எவ்ளோ வீணாகுதுன்னு எடை போடப் போறேன். இதான் என் ப்ராஜெக்ட்" என்றாள்.

என்னோடு வேலை செய்தவள் செம்மநத்தத்துக்காரி. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எதுக்குங்க கண்ணு?"

"தெரிஞ்சுக்கத்தான்."

"தெரிஞ்சு?"

"தெரிஞ்சா நல்லதுதானே அக்கா."

யாருக்கு நல்லது என்று அவள் சொல்லவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஹாஸ்டலுக்கு வருமுன் எஸ்டேட்டில் பழம் எடுத்தவர்கள். கணக்கெழுதும் ரைட்டர் எங்கள் சாக்கைக் கொக்கியில் மாட்டுவார். ஊர்க்கதை கேட்பார். கேட்டுக்கொண்டே முழங்காலைச் சாக்குக்கு அடியில் கொடுத்து லேசாகத் தூக்குவார். எடை குறைந்துவிடும். தராசு எங்கே தொங்கினாலும் அதன் அடியில் ஒரு முழங்கால் இருக்கும் என்பதுதான் நாங்கள் படித்த படிப்பு.

அதோடு எங்களிடம் மறைக்க ஒன்று இருந்தது. பாத்திரத்தில் மீந்த சோற்றைத் தூக்குப்போசியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவோம். எடுக்கச் சொல்லி யாரும் சொன்னதில்லை, கூடாதென்றும் சொன்னதில்லை. வார்டனம்மா கேட்கவில்லை, நாங்களும் வாயைத் திறக்கவில்லை. உலையில் அரிசி போடும்போது என் கை கொஞ்சம் தாராளமாக இருக்கும் என்பதையும் யாரும் கேட்டதில்லை. வாழவந்தியில் என் வீட்டில் அன்றாடம் களியும் சாமையும்தான். பல்லில்லாத மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும் அந்த வெள்ளைச் சோறு வந்தால்தான் ராத்திரி. பன்றி வளர்க்கிறவர் ஒருவர் காலேஜுக்குத் தள்ளுவண்டியோடு வருவார். அவருடைய வாளிக்குக் காய்த்தோலும் தட்டு கழுவிய தண்ணீரும் போகும்.

அந்தப் பெண் போனதும் செம்மநத்தத்துக்காரி கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இது வார்டனம்மா வச்ச ஆளு. போசியத்தான் புடிக்கப் பாக்கறாங்க."

"படிக்கிற புள்ளைடி."

"படிக்கிற புள்ளைக்கு மீந்த சோத்துல என்னடி வேலை? நத்தை கெடைக்கலியா?"

 போசியோடு பிடிபட்டால் வேலை போகும். வேலை போனால் மறுபடி எஸ்டேட், மறுபடி ரைட்டர். அதனால் இனி ஒரு பருக்கைகூட எடுப்பதில்லை என்று முடிவு செய்தோம். மீந்ததையெல்லாம் வாளியில் கொட்டினோம். அவள் வாளியைக் கொக்கியில் மாட்டி எடை பார்த்தாள். நாங்கள் அவளுடைய முழங்காலைப் பார்த்தோம்.

வீட்டில் மாமியாரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமே. பனிக்காலத்தில் பெண்களுக்குப் பசி அதிகம், சோறு மிஞ்சுவதில்லை என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சோறு என் தாய்வீட்டுக்குப் போகிறதோ என்று அவருக்குச் சந்தேகம்.

அந்தப் பெண் வர வர எடை போட்டதோடு நிற்காமல் சமையலறையிலேயே உட்கார ஆரம்பித்தாள். பூண்டு உரித்துக் கொடுத்தாள். "உங்க வீட்ல ராத்திரிக்கு என்ன சமைப்பீங்க அக்கா?" என்று கேட்டாள்.

"தண்ணி காய வைப்பமுங்க" என்றேன்.

ஒரு நாள் அவளே சொன்னாள்: "ரொம்ப வீணாகுது அக்கா. அரிசியைக் குறைச்சுப் போடணும்னு ஹால்ல சொல்லப் போறேன்."

செம்மநத்தத்துக்காரி என்னைப் பார்த்தாள். அரிசியைக் குறைத்தால், தராசு போன பிறகும் மிஞ்ச எதுவும் இருக்காது. பிடிபடக் கூடாதென்று வாளியில் கொட்டினோம். கொட்டியதே எங்கள் போசிக்கு உலை வைத்துவிட்டது. நிறுத்தவும் முடியாது. திடீரென்று வாளி காலியானால் கேட்பாளே.

கேட்க வைத்தது பன்றிக்காரர். ஒரு காலை வண்டியை நிறுத்திவிட்டு அந்தப் பெண்ணுக்குக் கும்பிடு போட்டார். "நீங்க தராசு கொண்டாந்ததுல இருந்து நம்ம பன்னிங்களுக்கு விருந்துதானுங்க. முந்தி வெறுந்தோலுதானுங்க."

அவள் மெதுவாக எங்கள் பக்கம் திரும்பினாள். "அப்போ முன்னாடி மீந்த சோறு எங்க போச்சு?"

"காக்காய்க்குங்க" என்றேன் நான். "நாய்க்குங்க" என்றாள் செம்மநத்தத்துக்காரி. இரண்டும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன.

"அவ்ளோ சோறையுமா?"

"மலைக்காக்காங்க கண்ணு. நொம்பத் திங்கும்."

அவள் சிரிக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நான் பஸ்ஸில் உட்கார்ந்தால், பக்கத்தில் அவள். வாழவந்தியைப் பார்த்ததே இல்லையாம். அதே பஸ்ஸில் திரும்பிவிடுவாளாம். வார்டனம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறாளாம். வழி முழுக்க நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். மடியில் காலிப் போசி.

வீட்டில் அவளை மாமியார் பக்கத்தில் உட்கார வைத்து, போசியை ஆணியில் மாட்டிவிட்டு, காப்பி வைக்க உள்ளே போனேன். அந்தச் சின்ன நேரம் போதுமாக இருந்தது என் மாமியாருக்கு.

"ஏனுங்க கண்ணு, நீங்களெல்லாம் இப்ப நொம்பச் சாப்படறீங்களாமா?"

"யார் சொன்னாங்க பாட்டி?"

"எம்மருமவதானுங்க. முந்தியெல்லாம் போசி நெறயச் சோறு வரும். இப்ப ஒரு பருக்கை வர்றதில்ல. அவங்கம்மா ஊட்டுக்குக் கொண்டு போறாளோன்னு நானு நெனச்சுட்டிருக்கறன். நீங்க படிச்ச புள்ளை, நீங்களே சொல்லுங்க சாமி. உங்களுக்குப் பசிதானுங்களா?"

டம்ளரோடு வாசலில் நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள், ஆணியில் கவிழ்த்து மாட்டியிருந்த போசியைப் பார்த்தாள், களிச்சட்டியைப் பார்த்தாள்.

"ஆமா பாட்டி. பனிக்காலத்துல எங்களுக்குப் பசி ஜாஸ்தி" என்றாள். காப்பியைக் குடித்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

எனக்காகப் பொய் சொன்னாள் என்று சந்தோஷப்பட்டிருக்கலாம். எனக்கோ வேறு நினைப்பு. பொய்யை இவ்வளவு சுத்தமாகச் சொல்கிறவள் ஹாலில் என்ன சொல்வாளோ?

அவள் பேச வேண்டிய நாள் வந்தது. டீயும் பன்னும் கொடுக்க நாங்கள் இரண்டு பேரும் ஹாலின் பின்னால் நின்றோம். அவள் இங்கிலீஷில் பேசினாள். நாங்கள் முகங்களைப் பார்த்துத்தான் அர்த்தம் பிடிக்க வேண்டியிருந்தது. நடுவில் ஒரு டீச்சர் சிரித்தார். பிரின்சிபால் நெற்றியைச் சுருக்கினார். பிறகு முன்வரிசையிலிருந்து வார்டனம்மா முழுசாகத் திரும்பி எங்களைப் பார்த்தார்.

"போச்சு" என்றாள் செம்மநத்தத்துக்காரி. "சேர்வராயன் சாமி மேல சத்தியமா, நாளைக்கு நம்ம ரெண்டு பேரும் எஸ்டேட்டுலதான்."

அப்போது அந்தப் பெண் தமிழுக்கு மாறினாள். "பின்னாடி நிக்கற அக்காங்களுக்கும் இது தெரியணும். நான் தராசு கொண்டு வர்றதுக்கு முன்னாடி இங்க சோறு வீணானதே இல்ல. என் தராசைப் பார்த்து பயந்துதான் அது வாளிக்குப் போச்சு. அதனால அரிசியைக் குறைக்கச் சொல்ல எனக்கு வழியில்ல. நான் மறுபடியும் முதல்ல இருந்து செய்யணும்."

"வாளிக்குப் போறதுக்கு முன்னாடி எங்க போச்சும்மா?" என்று கேட்டது வார்டனம்மாதான்.

"பசிச்சவங்க சாப்பிட்டாங்க மேடம்."

 வார்டனம்மா நான் நீட்டிய தட்டிலிருந்து டீயை எடுத்துக்கொண்டார். 

மறுநாள் வார்டனம்மா சமையலறைக்கு வந்தார். அண்டாவைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், எங்களைப் பார்க்கவில்லை. "பின்பக்கப் படியெல்லாம் பாசி புடிச்சுக் கெடக்குது. போசியத் தூக்கிட்டு அந்தப் பக்கம் எறங்காதீங்க. வழுக்கினா சோறு கொட்டிப் போயிரும். முன்வாசல் வழியாவே போங்க." அவ்வளவுதான். போய்விட்டார்.

"முன்வாசலுக்கு வர வச்சுப் புடிக்கப் பாக்கறாங்களோ?" என்றாள் செம்மநத்தத்துக்காரி. இருக்கும் என்று எனக்கும் பட்டது. பாசிப் படியிலேயே இன்னும் கொஞ்ச நாள் இறங்கினோம். அவள் ஒரு தடவை வழுக்கி உட்கார்ந்த பிறகுதான் முன்வாசலுக்கு வந்தோம். யாரும் பிடிக்கவில்லை. போசி நிறைந்ததும் மாமியார் என்னிடம் நல்லபடியாகப் பேச ஆரம்பித்தார். என் தாய்வீட்டோடு எனக்குச் சண்டையாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

பனி விலகும் சமயத்தில் அந்தப் பெண் மறுபடி தராசோடு வந்தாள். இந்தத் தடவை வாளியோடு போசியையும் எடை போட வேண்டுமாம். யார் போசி என்று எங்கேயும் எழுத மாட்டாளாம், சத்தியமாம். எங்களுக்காக ஹாலில் அப்படி நின்றவள். நல்ல பெண்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் தராசு தராசுதானே.

என் போசியைக் கொக்கியில் மாட்டினேன்.

"ஏனுங்க கண்ணு, உங்கூருக் கடலு நொம்ப ஆழமுங்களா?" என்று கேட்டேன்.

"ரொம்ப ஆழம் அக்கா" என்றாள், எடையைக் குனிந்து பார்த்துக்கொண்டே. "முழங்காலை எடுங்க."