ஐயர் அனுப்பிய இரண்டு பேர்

எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். கோலார் தங்கவயலில் என் அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். பெங்களூரில் லிங்கராஜபுரத்துக்குக் குடிவந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அந்த ஒரு சொல் என்னை எங்கே கொண்டுபோய் உட்கார வைத்தது என்பதைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் ஐயர் ஒரு திட்டத்தை அறிவித்தார். இரண்டிரண்டு பேராகக் கிளம்பிப் போக வேண்டும். முன்பின் தெரியாத ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, இயேசு தனக்கு என்ன செய்தார் என்பதை ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லிவிட்டு வர வேண்டும்.

"பிரசங்கம் பண்ண வேணாம். உங்க கதையைச் சொன்னா போதும்" என்றார்.

எனக்கு அது முடியாத காரியம். நான் ஒரு கார்மென்ட்ஸில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். சட்டைக் காலரில் தையல் பிசகியிருந்தால் அந்த இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். நாள் முழுக்க வாயைத் திறக்காமலேயே செய்யக்கூடிய வேலை. எனக்கும் அதுதான் பிடித்திருந்தது. பக்கத்து மேசைக்காரியோடு பதினோரு வருடப் பழக்கம். நான் கிறிஸ்தவள் என்பது அவளுக்கு டிசம்பரில் நான் கொண்டுபோகும் கேக்கை வைத்துத்தான் தெரியும்.

நல்லவேளையாக எனக்கு ஜோடியாக வாய்த்தவர் டீச்சரம்மா. பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ்ஸில் ஏறினால் கடைசி சீட்டிலிருந்து டிரைவர் வரைக்கும் சுவிசேஷம் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். அவர் பேசட்டும், நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நிற்கலாம் என்று நினைத்தேன். தெருவையும் அவரே தேர்ந்தெடுத்தார். மல்லேஸ்வரம். தசரா விடுமுறை, எல்லோரும் வீட்டில்தான் இருப்பார்கள் என்பது அவர் கணக்கு.

சொன்ன நாளில் மல்லேஸ்வரம் பஸ் நிறுத்தத்தில் போய் இறங்கினால், டீச்சரம்மா கழுத்தில் மப்ளரோடு நிற்கிறார். மூன்று நாள் உபவாச ஜெபத்தில் தொண்டை போய்விட்டது. வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது.

"அப்போ இன்னொரு நாள் வரலாம்க்கா" என்றேன், முகத்தில் சந்தோஷம் தெரியாமல்.

அவர் பையிலிருந்து, தெருவில் கொடுக்கும் சுவிசேஷக் கைப்பிரதி ஒன்றை எடுத்துத் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதில் பால்பாயின்ட் பேனாவால் எழுதிக் காட்டினார்: "நீ பேசு. நான் ஜெபிக்கிறேன்."

தெருவில் முதல் வீட்டின் கேட் திறந்தே கிடந்தது. பெரிய கோலம். காலிங் பெல்லைத் தொடுவதற்கு முன்பே கதவு திறந்தது. அறுபது வயது இருக்கும் ஓர் அம்மா, பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக நின்றார்.

"வந்துட்டேளா! ஐயர் அனுப்பிச்சவாதானே?"

எங்கள் திட்டம் இவருக்கு எப்படித் தெரிந்தது என்று திகைத்துப் போனேன். ஆனால் கேட்ட கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு.

"ஆமாங்க. ஐயர்தான் அனுப்பினார்."

"கோயில்லேர்ந்து வரேளா?"

நாங்கள் சர்ச்சையும் கோயில் என்றுதான் சொல்வோம். "ஆமாங்க, கோயில்ல சொல்லித்தான் வர்றோம்."

"ரெண்டு பேரை அனுப்பறேன்னு சொன்னார். எல்லாரும் உங்களுக்காகத்தான் காத்துண்டிருக்கா. உள்ள வாங்கோ."

உள்ளே போன பிறகுதான் அவர் சொன்ன ஐயர் வேறு யாரோ என்று புரிந்தது. கூடத்தில் ஒன்பது படி கட்டி கொலு வைத்திருந்தார்கள். எதிரே ஜமக்காளத்தில் பதினைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூலையில் வீட்டுக்காரர் செய்தித்தாளை விரித்துத் தன் முகத்தை முழுக்க மறைத்துக்கொண்டிருந்தார். எங்கள் இருவரையும் நடுவில் உட்கார வைத்தார்கள். டீச்சரம்மா பைபிள் பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார்.

குங்குமச் சிமிழ் வந்தது. "எங்களுக்குப் பழக்கம் இல்லைங்க" என்றேன்.

"அலர்ஜியா? என் மாட்டுப்பொண்ணுக்கும் அப்படித்தான். வெச்சா தடிச்சுடும்."

"இல்லைம்மா, நாங்க எதுக்கு வந்தோம்னா..."

"தெரியுமே. மொதல்ல தண்ணி குடிங்கோ. தொண்டை காயப்படாது."

டீச்சரம்மாவின் முழங்கை என் விலாவில் இடித்தது. கையில் அடுத்த கைப்பிரதி. "சொல்லு!" நான் மறுபடியும் வாயைத் திறந்தேன்.

"அம்மா, வந்து..."

"ஆரம்பிக்கலாமே" என்றார் அந்த அம்மா.

"எதைங்க?"

"பாட்டைத்தான்."

அந்த நிமிடம் எழுந்து உண்மையைச் சொல்லிவிட்டு வெளியே வந்திருக்க வேண்டும். ஆனால் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். பேசுவதா, பாடுவதா என்று வந்தால் எனக்குப் பாடுவது சுலபம். என் அப்பா வாரமெல்லாம் சுரங்கத்தில் இறங்குவார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பார். எங்கள் கீர்த்தனைகளில் பாதியை அவர் மடியில் உட்கார்ந்து கற்றவள் நான். அவற்றில் ஒன்றை, வீட்டை விட்டு வெகுதூரம் போனவனை இயேசு தேடி வந்து கூட்டிப்போவதைப் பற்றிய பாட்டை, கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். இயேசு என்ற பெயர் அதில் மூன்று இடத்தில் தெளிவாக வரும். முதல் இடத்திலேயே எழுப்பிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் எழுப்பவில்லை. முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தேன்.

"பேஷ்!" என்றார் வீட்டுக்கார அம்மா. "இவ்வளவு நிதானமா ரீதிகௌளை கேட்டு எத்தனை நாளாச்சு!"

"ரீதிகௌளையா?" முன்வரிசையில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு மாமி நிமிர்ந்தார். "நன்னாருக்கு போ. அது சுத்தமான ஆனந்தபைரவி."

அவ்வளவுதான், கூடம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மா ஆனந்தபைரவி பக்கம் சேர்ந்தார். ஒருவர் தொடையில் தாளம் போட்டு மெதுவாகப் பாடிப் பார்த்தார். கடைசியில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"நீங்களே சொல்லுங்கோ. என்ன ராகம்?"

"தெரியாதுங்க. எங்கப்பா சொல்லிக் குடுத்தது."

"நடுவுல இயேசுன்னு வந்துதே?" என்று பின்வரிசையில் ஓர் இளம்பெண் கேட்டாள்.

வழி திறந்துவிட்டது என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "ஆமாங்க! அவரைப் பத்தின பாட்டுதான் அது. அவர்..."

"அது சாகித்யம்டி" என்று மூக்குக்கண்ணாடி மாமி அந்தப் பெண்ணை அடக்கினார். "நாம பேசிண்டிருக்கறது ராகம். நீங்க இன்னொரு தடவை பாடுங்கோ."

இன்னொரு தடவை பாடினேன். அதிலும் தீரவில்லை, மூன்றாம் தடவையும் பாடினேன். அந்தக் கூடத்தில் இயேசுவின் பெயரை ஒன்பது முறை உரக்கச் சொல்லியிருக்கிறேன். ஒருவரும் கவனிக்கவில்லை. டீச்சரம்மா கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தார். அடுத்து அவரைப் பாடச் சொன்னார்கள். அவர் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். "ஐயோ, பாடிப் பாடியே போயிடுத்து, பாவம்" என்று மிளகும் பனங்கற்கண்டும் போட்ட பாலைக் கொண்டுவந்து குடிக்க வைத்தார்கள்.

பிறகு சுண்டல் வந்தது. டீச்சரம்மா அவசரமாக எழுதி என்னிடம் நீட்டினார். ஆனால் குறுக்கே உட்கார்ந்திருந்த மூக்குக்கண்ணாடி மாமி, தனக்குத்தான் ஏதோ கொடுக்கிறார் என்று வாங்கிச் சத்தமாகப் படித்தார்.

"சுண்டல் வேண்டாம்னு சொல்லு."



"ஏன், உப்பு ஜாஸ்தியா?" என்றார் வீட்டுக்கார அம்மா. மாமி காகிதத்தைத் திருப்பினார். முன்பக்கத்தில் சிலுவைப் படம். சரியாக அப்போது பெல் அடித்தது. இளம்பெண் போய்க் கதவைத் திறந்தாள். வாசலில் சுருதிப்பெட்டியோடு இரண்டு பெண்கள்.

"ஐயர் அனுப்பினார். டிராஃபிக்ல மாட்டிண்டோம்."

வீட்டுக்கார அம்மா அவர்களைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "அப்ப நீங்க யாரு?"

டீச்சரம்மாவைப் பார்த்தேன். அவர் பேனாவை மூடிப் பையில் போட்டுவிட்டார்.

"நாங்க கிறிஸ்தவங்கம்மா, லிங்கராஜபுரத்துல இருந்து வர்றோம். எங்க போதகரையும் நாங்க ஐயர்னுதான் சொல்வோம். பொய் சொல்லணும்னு சொல்லலைங்க. ஆனா நீங்க நெனச்ச ஐயர் வேற, எங்களை அனுப்பின ஐயர் வேற. வந்த ஒடனே சொல்லியிருக்கணும், சொல்லல. மன்னிச்சிடுங்க."

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம் வந்தது.

"சரி" என்றார் அந்த அம்மா. முகத்தில் கோபமா இல்லையா என்று தெரியவில்லை. "உங்க ஐயர் எதுக்கு அனுப்பிச்சார்? அதைச் சொல்லுங்கோ."

சொன்னேன். அதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை.

"எனக்கு ஒரு பையன் பொறந்து பதினாறாவது நாள் போயிட்டான். அப்புறம் ரொம்ப நாள் நான் யார்கூடயும் பேசல. வீட்டுக்காரர்கூட பேசல, அம்மாகூட பேசல. துணி தொவைக்கும்போது மட்டும் இயேசுகிட்ட பேசுவேன். பேசறதுன்னா சண்டைதாங்க. வாய்க்கு வந்தபடி திட்டுவேன். ஆறுதல் சொல்ல வந்தவங்க எல்லாம் சொல்லிட்டுப் போயிட்டாங்க. அவர் மட்டும் போகல. அதை ஒருத்தர்கிட்டயாவது சொல்லிட்டு வரணும்னு எங்க ஐயர் அனுப்பினார்."

 வாசலுக்கு வந்த பாடகிகள் சுருதிப்பெட்டியைக் கீழே வைக்காமல் நின்றிருந்தார்கள்.

"திட்டினேளே, அவர் பதில் ஏதாவது சொன்னாரா?" என்று அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்.

"இல்லைங்க. கேட்டுக்கிட்டே இருந்தார்."

அந்த அம்மா மூலையைப் பார்த்தார். "எனக்குக் கல்யாணமாகி முப்பத்தாறு வருஷமாறது. பதிலும் கிடையாது, கேக்கறதும் கிடையாது."

"என்ன?" என்றது செய்தித்தாள்.

கூடமே வெடித்துச் சிரித்தது. நானும் சிரித்தேன், கன்னமெல்லாம் ஈரமாக. அந்தச் சிரிப்பின் நடுவே அவர் குனிந்து என் கையைப் பிடித்தார். "பதினாறு நாளா?" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார். தலையாட்டினேன். கொஞ்ச நேரம் விடாமல் பிடித்திருந்துவிட்டு உள்ளே போனார். வரும்போது கையில் இரண்டு கிண்ணங்கள்.

"இது நைவேத்தியத்துக்கு முன்னாடியே எடுத்து வெச்சது. மாட்டுப்பொண்ணு டயட்ல இருக்கா, அவளுக்காக உப்பு போடாம தனியா எடுத்தேன். பகவானும் தொடலை, மாட்டுப்பொண்ணும் தொடலை. சாப்பிடுங்கோ."

டீச்சரம்மா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, கண்ணை மூடி ஜெபித்து, கிண்ணத்தைக் காலி செய்தார். நானும் சாப்பிட்டேன். உப்பில்லாத கொண்டைக்கடலை வாயில் மண் மாதிரி இருந்தது.

நாங்கள் விடைபெறும்போது, வந்த பாடகிகளிடம் வழக்கு போயிருந்தது. ஒருவர் ரீதிகௌளை என்றார். மற்றவர் ஆனந்தபைரவி என்றார்.

அடுத்த ஞாயிறு ஐயரிடம் நடந்ததை எல்லாம் ஒப்பித்தோம். டீச்சரம்மாவுக்குக் குரல் திரும்பியிருந்ததால் பாதிச் சபைக்குக் கேட்டது. ஐயர் தாடையைத் தடவிக்கொண்டே கேட்டார். "சரி, அவங்க ஏத்துக்கிட்டாங்களா?"

"ராகத்தையே இன்னும் ஏத்துக்கலை ஐயரே" என்றேன். நான்தான் சொன்னேன். அப்படியெல்லாம் பேசுகிற ஆள் இல்லை நான்.

ஒரு மாதம் போயிருக்கும். சனிக்கிழமை மத்தியானம் சிவாஜிநகரில் கறி வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். போன் அடித்தது. மல்லேஸ்வரத்து அம்மா. கிளம்பும்போது நம்பர் வாங்கி வைத்திருந்தார்.

"அந்தப் பாட்டுல சரணம் ரெண்டாவது வரியைக் கொஞ்சம் பாடுங்கோ. இங்க ஒரு வித்வான் வந்திருக்கார். அவர் கேக்கணுமாம்."

"இங்க ஒரே சத்தமா இருக்கும்மா."

"அப்ப நீங்களும் சத்தமாப் பாடுங்கோ. ஸ்பீக்கர்ல போட்டுட்டேன்."

ஒரு கையில் கறிப்பை, ஒரு கையில் போன். பாடினேன். தள்ளுவண்டியில் ஆரஞ்சு விற்றவர், விலையைக் கூவிக்கொண்டிருந்த தன் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். புர்கா போட்ட ஓர் அம்மா மகளின் தோளைத் தட்டி என்னைக் காட்டினார். என் பஸ் வந்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "பர்தீரா மேடம்?" என்று, வருகிறேனா எனக் கன்னடத்தில் கேட்டார். இல்லை என்று தலையசைத்துவிட்டு இயேசுவின் பெயர் வரும் இடத்துக்குள் நுழைந்தேன். போனில் யாரோ, "இன்னொரு தடவை, அந்த இறங்கற எடம்" என்றார்கள்.

இரண்டு பஸ் போய்விட்டது. மூன்றாவதில் ஏறினேன். உட்கார இடமில்லை.