மாப்பிள்ளைக்கு ஒரு சீட்டாட்டம்

கப்பலூரில் ஒரு ரப்பர் கம்பெனியின் ஸ்டோர் கீப்பரான பத்ரிநாத், இருபத்தாறு வருடங்களில் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பார். ரேஷன் கடை வரிசையில் தனக்குப் பின்னால் நிற்பவரை முன்னால் விடுவார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சீட்டுக்கட்டைக் கையில் எடுத்தால் மட்டும் ஈவு இரக்கம் கிடையாது.

ஆட்டம் எளிது. ஆர்ட்டின் ஏழு வைத்திருப்பவர் அதைத் தரையில் இறக்கித் தொடங்குவார். ஒவ்வொரு ஜாதியிலும் ஏழு விழுந்த பிறகுதான் அதற்கு மேலே எட்டு, ஒன்பது என்றும், கீழே ஆறு, ஐந்து என்றும் வரிசையாக வைக்கலாம். வைக்கச் சீட்டு இல்லாதவர் பாஸ் சொல்ல வேண்டும். கை முதலில் காலியானவர் ஜெயித்தவர். வேறு சீட்டு வைக்க முடிகிறவரை ஏழாம் நம்பரை வெளியே விடாமல் பிடித்து வைக்கலாம். அதில்தான் பத்ரிநாத் சூரர்.

வீட்டில் பேச்சு சௌராஷ்டிரம்தான். ஆனால் நாலாவது கை எதிர்வீட்டு முத்திருளன் என்பதால் ஆட்டம் தமிழில் நடக்கும்.

மகள் ஸ்ரீலட்சுமிக்கு வரன் பார்க்கத் தொடங்கியதும் பத்ரிநாத் ஒரு வழக்கம் ஏற்படுத்தினார். பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியும் காபியும் முடித்ததும் பையனை ஆட்டத்துக்கு உட்கார்த்துவார். ஜாதகம் பொய் சொன்னாலும் சீட்டு சொல்லாது என்பது அவர் கட்சி. போன வருடம் வந்த ரவிசங்கர் இஸ்பேட் ஏழைக் கடைசிவரை பிடித்து வைத்திருந்தான். கல்நெஞ்சக்காரன் என்று பத்ரிநாத் தள்ளிவிட்டார். இந்த முறை வந்தவன் வெங்கடேஷ்பாபு, பாங்க் கிளார்க். கைக்கு வந்த ஏழுகளை வந்த வேகத்தில் இறக்கினான். எல்லாருக்கும் வழி திறந்துவிட்டுத் தானே கடைசியாக வந்து, சிரித்துக்கொண்டே போனான்.

ஸ்ரீலட்சுமிக்கு அவனைப் பிடித்துவிட்டது. அவளுக்கு வயது இருபத்தெட்டு. ஞாயிற்றுக்கிழமை சாயந்திரத்துக்குள் பதில் வேண்டும் என்று அவன் வீட்டார் சொல்லியிருந்தார்கள்.

அந்த ஞாயிறு, சீட்டைக் கலைத்தபடியே பத்ரிநாத் சொன்னார்: "ஒரு சுத்து பொறுக்க மாட்டேங்கிறான். இவன் எப்படிக் குடும்பம் நடத்துவான்?"

"பொறுத்தவன கல்நெஞ்சக்காரன்னீங்க, பொறுக்காதவன ஏமாளிங்கிறீங்க" என்றார் மனைவி சூடாமணி. "பிடிச்சு வைக்கிறது அந்தப் பையங்க இல்ல."

"அண்ணே, மதினி சொல்றது இம்புட்டுதான். நீங்க பொண்ண அனுப்ப மாட்டீக" என்றார் முத்திருளன்.

பத்ரிநாத் எல்லாருக்கும் சீட்டைப் போட்டார்.

அன்றைக்கு ஆட்டம் அவருக்கு எதிராகத் திரும்பியது. கையில் மிஞ்சியவை ஆறு சீட்டு, ஆறும் கிளாவர். கிளாவர் ஏழு மட்டும் தரைக்கு வரவில்லை.

"பாஸ்" என்றார்.

"நாலாவது பாஸ்ண்ணே. உடம்புக்கு ஒண்ணுமில்லயே?" என்றார் முத்திருளன்.

"கிளாவர் ஏழு யாருகிட்ட இருக்கு?"

"எங்கிட்டதாம்ப்பா" என்றாள் ஸ்ரீலட்சுமி. அவள் கையில் இரண்டே சீட்டு.

"அப்ப வையேன்."

"வேற சீட்டு இருக்கே. வைக்கணும்னு கட்டாயமில்ல. உங்க ஆட்டந்தான இது." டைமன் ராஜாவை இறக்கினாள். பிறகு, அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், "அவரு இருந்தா இத அப்பவே வச்சிருப்பாரு" என்றாள்.

பத்ரிநாத் தன் சீட்டுகளைப் பார்த்தார். எட்டு, ஒன்பது, பத்து, ஜாக்கி, ராணி, ராஜா. ஒன்றும் மோசமான சீட்டு இல்லை. அழகாக வரிசையில் நின்றன, போக இடமில்லாமல். இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் எதிரில் இருந்தவர்களை இந்த நிலையில் உட்கார வைத்தவர் அவர்தான். அது எப்படி இருக்கும் என்று ஒருதடவைகூட யோசித்ததில்லை. அடுத்தவன் வழிவிடுவான் என்று தெரிந்தால் எவ்வளவு நிம்மதி. மகள் காலம் முழுக்க யாரோடு உட்கார்ந்து ஆடப்போகிறாள் என்பதுதானே கேள்வி.

சுற்று வந்தது. ஸ்ரீலட்சுமி தன் கடைசிச் சீட்டான கிளாவர் ஏழைத் தரையில் வைத்தாள். ஆட்டம் முடிந்தது.

"எட்டு எங்கிட்ட இருக்கு" என்றார் பத்ரிநாத்.

"இனி இருந்து என்னண்ணே?"

அவர் எழுந்து போன் பக்கம் போனார். "சூடா, பாங்க்காரர் வீட்டு நம்பரச் சொல்லு" என்றார். நம்பரைச் சுழற்றும்போதுதான் இடது கையில் ஆறு சீட்டும் இன்னும் விரிந்திருப்பதைக் கவனித்தார். ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு அவற்றை மகளிடம் நீட்டினார்.