திரும்பிப் பார்க்காத பிள்ளை

கோலா தெர்லா என்ற மலையூருக்கு மேலே, காட்டுக்குள் பூர்வகுடிகள் குடியிருக்கும் கம்பத்திலிருந்து பிள்ளைகளைப் பள்ளி விடுதிக்கு வண்டியில் ஏற்றிப் போவது என் வேலை. பெற்றவர்கள் விரும்பித்தான் அனுப்புகிறார்கள் என்றார்கள். நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

அந்த முறை ஓர் அதிகாரியும் கூட வந்தார். பிள்ளையை அனுப்பாவிட்டால் உதவி அரிசி நின்றுவிடும் என்று ஒரு தாயிடம் சொன்னார். ஏழு வயது மகள் தாயின் சாரோங்கைப் பிடித்திருந்தாள். அவள் விரல்களை அவர் ஒவ்வொன்றாகப் பிரித்தார். வண்டிக் கதவைத் திறந்து பிடித்திருந்தவன் நான்.

வண்டி நகர்ந்ததும் தாய் பின்னாலிருந்து கூப்பிட்டாள். அலறவில்லை. மகளின் பெயரை மட்டும், ஒரே குரலில், திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கிளம்புகிறவரைப் பின்னால் கூப்பிடுவது எங்களுக்கு ஆகாது. தோட்டத்து லயத்தில் என் மனைவி மறந்து கூப்பிட்டுவிட்டால், "கூப்புட்டாச்சு, உள்ள வந்து தண்ணி குடிச்சிட்டுக் கெளம்புங்க லா" என்பாள். அன்றும் நான் வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்; நான் திருப்பவில்லை. ஊருக்கு உபதேசம் செய்வதில் எனக்கு என்றைக்கும் குறைவில்லை. பின்னால் யார் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது, திரும்பினால் போகிற வழி கெட்டுவிடும் என்று அந்தப் பிள்ளைக்கு மலாயில் சொன்னேன். அவள் உடனே முன்னால் திரும்பி உட்கார்ந்தாள். அழுகையும் நின்றது.

மூன்று வளைவு தாண்டி, பனிமூட்டத்தில் தேயிலைச் சரிவுக்கு இறங்கிவிட்டோம். குரல் மட்டும் அதே தூரத்தில் வந்துகொண்டிருந்தது. அதிகாரி கண்ணாடியை ஏற்றச் சொன்னார். அது ஏற்றித்தான் இருந்தது.

பள்ளி விடுமுறைக்கு அவளைத் திரும்பக் கொண்டுவந்தேன். ஓடையோரம் இறங்கி, பையோடு கம்பத்தை நோக்கி நடந்தாள். விறகுக்குப் போயிருந்த தாய் வண்டிக்குப் பின்னால், ஒற்றையடிப் பாதையில் வந்து நின்று கூப்பிட்டாள். பிள்ளை நிற்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள், அதே குரல். ஓடிப்போய் முன்னால் நின்றேன். பதற்றத்தில் வாயில் தமிழ்தான் வந்தது.

"அம்மாதான் கூப்புடுது, திரும்பிப் பாரும்மா."

பிறகு மலாயில் சொன்னேன். அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, மலாயில், ஏதோ நல்ல மார்க் வாங்கியதைச் சொல்வதுபோல் சொன்னாள்:

"விடுதியிலும் தினமும் இந்தக் குரல் கூப்பிட்டது, மாமா. நான் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை."