படகுக்குக் கட்டிய மாட்டுக் கயிறு

இந்த வாரம் ஒற்றை விரலால்தான் டைப் செய்கிறேன். இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்திருக்கிறது. “என்ன சார், ஜிம்முக்குப் போறீங்களா?” என்று கேட்டார் பேக்கரிக்காரர். இல்லை... கயிறு.

கயிற்றின் மறுமுனையில் என் மகள் இருந்தாள்.

நித்யாவை உங்களுக்குத் தெரியும். மெக்கானிக்கல் படித்துவிட்டு சேலத்தில் வேலை பார்ப்பவள். சனிக்கிழமைதோறும் ஸ்கூட்டரில் மலையேறி வருவாள். அடிவாரத்தில் நின்று எனக்குப் போன் செய்துவிட்டுத்தான் முதல் வளைவில் திரும்ப வேண்டும் என்று நான் போட்ட சட்டத்தைப் பற்றி இங்கேயே எழுதியிருக்கிறேன். நீங்களும் சிரித்தீர்கள்.

இந்த வருடம் அவளுக்கு ஒரு புதுக் கிறுக்கு. நாகலூர் பக்கம் ஒரு எஸ்டேட் குடோனில், காபி மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்த பழைய அவுட்போர்டு மோட்டார். படகின் பின்பலகையில் மாட்டி ஓட்டுவார்களே, அதுதான். என்னைவிட வயதில் மூத்தது. “ஓட வெச்சீன்னா உனக்கே, கண்ணு” என்று சொல்லிவிட்டார் எஸ்டேட் ஓனர். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பிஸ்டன் இறுகிப் போயிருந்தது. டீசல் ஊற்றி ஊறவைத்தாள். கார்புரேட்டரைக் கழற்றி ஒரு பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தாள் — பழையது என்று அவள் நினைத்தது, என்னுடையது. தண்ணீரில்லாமல் ஓட்டினால் சூடேறிக் கெட்டுவிடுமாம். அதனால் கொல்லையில் ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி, அதில் மாட்டி ஸ்டார்ட் செய்தாள்.

ஓடியது. கிளியூர் வரை கேட்டிருக்கும். கொஞ்ச நேரம்தான்... நின்றுவிட்டது.

மறுபடி ஸ்டார்ட். மறுபடி நின்றது. பிளக் மாற்றினாள். இக்னிஷன் காயிலை மாற்றினாள். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்குமோ என்று வடிகட்டினாள். எனக்கோ உள்ளூர நிம்மதி. ஓடாத மோட்டார் யாரையும் ஏரிக்குள் கொண்டுபோகாது இல்லையா?

ஒருநாள், மோட்டார் நின்ற கையோடு டேங்க் மூடியைத் திறந்தாள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போயிற்று. மூடியின் உச்சியில் ஒரு சின்னத் திருகு. ஓட்டும்போது அதைத் தளர்த்தி வைக்க வேண்டும். உள்ளே காற்றுப் போனால்தான் பெட்ரோல் கீழே இறங்கும்.

“இத யாருங்கப்பா இறுக்குனது?”

“ஊடெல்லாம் பெட்ரோல் வாசம் கண்ணு. தீப்பிடிச்சா என்ன பண்றது?”

“ஒவ்வொரு தடவையுமா இறுக்குனீங்க?”

“நீ மறந்து மறந்து லூசா உட்டுட்டியேன்னுதான்...”

அவள் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. “இனிமே மோட்டார்ல எதையும் தொடாதீங்கப்பா.”

தொடவில்லை. கயிறு மோட்டாரில் சேருமா என்ன?

போன ஞாயிறு அந்த எஸ்டேட் ஏரிக்குப் போனோம். காபிக்குத் தண்ணீர் பாய்ச்ச வெட்டிய ஏரி. ஓரமாக ஒரு அலுமினியப் படகு. எவ்வளவு ஆழம் இருக்கும் என்று வாட்ச்மேன் வேலனிடம் கேட்டேன்.

“நொம்ப ஆழங்க. யாருங்க எறங்கி அளந்தது?”

நித்யாவுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டினேன். படகில் ஒரு லாரி டியூபைப் போட்டேன். அதுவும் போதவில்லை. வேலனிடம் நீளமான கயிறு ஒன்று வாங்கி, படகின் பின்பக்க வளையத்தில் கட்டினேன். மறுமுனையை சில்வர் ஓக் மரத்தில் கட்டலாமா என்று யோசித்தேன். மரத்தை நம்பாமல் என் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

“ஏனுங்க சார், புள்ளைய மாடு கட்டறாப்பல கட்டறீங்க?” என்றார் வேலன்.

“அறுந்துராதே?”

“காளைக்குக் கட்டறதுங்க. உங்க கை அறுந்தாலும் அது அறுவாதுங்க.”

நித்யா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் மறுக்கவில்லை. மறுத்தால் நானும் படகில் ஏறிவிடுவேனோ என்று பயம்.

இந்தப் பழைய மோட்டாருக்கு நியூட்ரல் கிடையாது. ஸ்டார்ட் ஆன நொடியே கிளம்பிவிடும். முன்னாடியே சொல்லியிருந்தாள். அப்போது நான் லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பியது. கயிறு என் உள்ளங்கையைத் தீய்த்துக்கொண்டு ஓடியது. ஏரி நடுவில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் போய் மறைந்துவிடுவாள் என்று தோன்றியது. காலை ஊன்றி, கயிற்றை இறுக்கிப் பிடித்தேன்.

முன்னே பாய்கிற படகைப் பின்னாலிருந்து பிடித்தால் என்ன ஆகும்? மோட்டார் கனத்தோடு பின்பலகை தாழ்ந்தது. படகு கிளப்பிய அலையே திரும்பி வந்து படகுக்குள் ஏறியது. அவள் மோட்டாரை நிறுத்தினாள்.

நான் என்ன செய்தேன்? இழுத்தேன். எப்படியாவது கரைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் பின்பலகை இன்னும் தாழ்ந்தது. இன்னும் தண்ணீர் ஏறியது.

“அப்பா, விடுங்க.”

காதில் விழுந்தது. கை கேட்கவில்லை.

“சார், பாப்பா உடச் சொல்லுதுங்க,” என்றார் வேலன்.

“உட்டா போயிருமுங்க...” என்றேன்.

“அப்பா. கயித்த விடுங்கப்பா.”

கத்தவில்லை அவள். இன்னொரு தோசை வேண்டாம் என்று சொல்வாளே, அந்தக் குரல். இன்றுவரை என்னை உலுக்குவது அந்தக் குரல்தான்.

விட்டேன்.

படகின் பின்பக்கம் மெல்ல எழும்பியது. மோட்டார் விசிறியில் சிக்காமல் கயிற்றை உள்ளே இழுத்துச் சுருட்டினாள். வெட்டிய ஆயில் கேனால் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றினாள். நிதானமாக. நான் கரையில் வெறுங்கையோடு நின்றேன். அதைவிடக் கடினமான வேலையை நான் செய்ததில்லை.

மறுபடி ஸ்டார்ட் செய்தாள். இரண்டு முறை இருமிவிட்டு மோட்டார் பிடித்துக்கொண்டது. நேராகக் கரைக்கு வருவாள் என்று பார்த்தேன். வரவில்லை. ஏரியை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றினாள். அப்புறம்தான் வந்தாள்.

“ஓடுதுங்கப்பா,” என்றாள், குளிரில் பல் கிட்டிக்க. சுருட்டிய கயிற்றை என் கையில் கொடுத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

வேலன்தான் பேசினார். “கயிறு அறுவல, பாத்தீங்களா சார்.”

பயத்தில் நாம் செய்கிற காரியங்களுக்கெல்லாம் ‘சேஃப்டி’ என்று பெயர் வைத்துவிடுகிறோம். திருகை இறுக்கியதும் சேஃப்டி. கயிறு கட்டியதும் சேஃப்டி. யாருடைய சேஃப்டி? இன்னமும் கண்ணை மூடினால் அந்தப் பின்பலகை தாழ்கிறது.

இந்த ஞாயிறும் போகிறாள். என்னையும் படகில் ஏறச் சொல்லியிருக்கிறாள். முன்பக்கம் உட்கார வேண்டுமாம், மோட்டார் கனத்துக்கு ஈடாக. எதையும் தொடக் கூடாதாம். எனக்கு நீச்சல் தெரியாது. சரி என்று சொல்லிவிட்டேன்.

கயிற்றை வேலனிடம் திருப்பிக் கொடுத்தாயிற்று. லாரி டியூப் மட்டும் இருக்கிறது... இந்தத் தடவை அது எனக்கு.